கழுத்துத் தமனி அடைப்பு: ஸ்கேன் அறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒலியலையால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கும் அறையில் நெடுங்காலம் வேலை செய்பவருக்கு, ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியவுடன் என்ன கேட்பார்கள் என்பது ஏறக்குறைய மனப்பாடமாகிவிடும். பெரும்பாலும் முதல் கேள்வி "எத்தனை பர்சன்ட் அடைப்பு?" என்பதுதான். அந்த எண் முக்கியமானதுதான் என்றாலும், கழுத்துத் தமனியைப் பொறுத்தவரை அடைப்பு ஏற்கெனவே ஏதாவது அறிகுறியைக் காட்டியிருக்கிறதா, காட்டி எத்தனை நாளாகிறது என்ற இரண்டு விஷயங்களே சிகிச்சையைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. இதை ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க நேரம் கிடைப்பதில்லை என்பதால் இந்தத் தொகுப்பு. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவானவை, மருந்தைத் தொடங்குவதையும் நிறுத்துவதையும் உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

கழுத்து ரத்தக் குழாயில அடைப்புன்னு சொல்றாங்க. அது எந்தக் குழாய், எங்க போகுது?

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் வளைவிலிருந்து இடப்பக்கப் பொதுக் கழுத்துத் தமனி நேரடியாகப் பிரிகிறது. வலப்பக்கத் தமனியோ, வலது கைக்குப் போகும் குழாயோடு ஒரே தண்டாகக் கிளம்பிக் கழுத்தின் அடியில் தனியாகிறது. இரண்டும் குரல்வளையின் இரு புறமும் மேலேறி, ஏறத்தாழ குரல்வளைக் குருத்தெலும்பின் மேல் விளிம்பு மட்டத்தில் உட்கிளை, வெளிக்கிளை என இரண்டாகப் பிரிகின்றன. வெளிக்கிளை முகத்துக்கும் தலைத்தோலுக்கும் ரத்தம் தருகிறது. உட்கிளை கழுத்தில் எந்தக் கிளையும் விடாமல் நேரே மண்டையோட்டுக்குள் நுழைந்து, மூளையின் முன்பகுதிக்கும் நடுப்பகுதிக்கும் கண்ணுக்கும் ரத்தம் கொண்டுபோகிறது. மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் தருபவை முதுகெலும்பை ஒட்டி ஏறும் வேறு இரண்டு தமனிகள்.

தாடைக்குக் கீழே விரலை வைத்தால் துடிப்பு தெரிவது இந்தக் குழாயில்தான். இரு பக்கத்தையும் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்க்கக் கூடாது. பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருப்பதால், சிலருக்கு அழுத்திய மாத்திரத்தில் நாடி தாழ்ந்து மயக்கம் வந்துவிடும்.

உடம்புல எத்தனையோ இடம் இருக்க, அந்தப் பிரியுற இடத்துல மட்டும் ஏன் படியுது?

ஆறு இரண்டாகப் பிரியும் இடத்தில், ஓட்டம் தணிந்த கரையில் வண்டல் தங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கும் அதுவே நடக்கிறது. உட்கிளையின் தொடக்கம் சற்றுப் பருத்திருப்பதால், அதன் வெளிச்சுவரை ஒட்டி ரத்தம் வேகம் குறைந்து சுழல்கிறது. உரசல் குறைந்த அந்தப் பகுதியில் உட்சுவர் நலிந்து, கெட்ட கொழுப்பு உள்ளே நுழைந்து, அதைச் சுற்றி அழற்சியும் சுண்ணமும் சேர்ந்து படிவாக வளர்கிறது. புகை, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கொழுப்பு, வயது ஆகியவை இந்த வேலையை வேகப்படுத்துகின்றன. பீடியும் இதில் சிகரெட்டுக்குச் சளைத்ததல்ல.

அடைச்சா மூளைக்கு ரத்தம் போகாம பட்டினி கிடக்கும், அதானே?

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மூளையின் அடித்தளத்தில் நான்கு தமனிகளையும் இணைக்கும் ஒரு வளையம் இருக்கிறது. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1664இல் வெளியிட்ட நூலில் அதை விளக்கியதால் வில்லிஸ் வளையம் என்றே அழைக்கப்படுகிறது. ஒரு பக்கக் கழுத்துத் தமனி முழுவதும் அடைந்திருந்தும் உயிரோடிருந்த காலத்தில் அதனால் மூளைக்குத் தீங்கு நேராத ஒருவரின் உடலை அவர் ஆய்ந்து பார்த்திருக்கிறார். ஒரு குழாய் மெல்ல மெல்லக் குறுகினால், மற்ற குழாய்கள் இந்த வளையத்தின் வழியே ஈடுகட்டிவிடும். ஆனால் வளையம் எல்லோருக்கும் முழுமையாக அமைவதில்லை என்பதால், அந்த நம்பிக்கையில் அலட்சியமாக இருக்க முடியாது.

உண்மையான ஆபத்து படிவு உடைவதில் இருக்கிறது. மேல்மூடி மெல்லியதாக இருக்கும் படிவில் விரிசல் விழுந்தால், அங்கே ரத்தம் உறைந்து, துணுக்குகள் பிய்ந்து மூளைக்குள் ஏறி, அங்குள்ள சிறு குழாயை அடைத்துவிடுகின்றன. அதுதான் பக்கவாதம். பின்வரும் பதில்கள் பலவற்றுக்கும் இதுவே அடிப்படை.

எனக்கு அடிக்கடி தலை சுத்துது, கழுத்து வேற வலிக்குது. அடைப்பா இருக்குமோ?

ஒரு பக்கக் கழுத்துத் தமனி குறுகியதால் வெறும் தலைச்சுற்றல் மட்டும் வருவது அரிது. காதின் சமநிலை உறுப்பு, ரத்த அழுத்தம் இறங்குதல், ரத்தசோகை, உட்கொள்ளும் மருந்துகள் என்று தலைச்சுற்றலுக்கு வேறு காரணங்கள் நிறைய உண்டு. தலைச்சுற்றலுக்காக எடுத்த டாப்ளரில் தற்செயலாக 40 சதவீதப் படிவு தெரிந்து, இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பயந்துபோய் வருபவர்களை வாரந்தோறும் பார்க்கலாம். கழுத்து வலிக்கும் கொழுப்புப் படிவுக்கும் தொடர்பில்லை. திடீரென்று, இதுவரை அறிந்திராத வகையில் ஒரு பக்கக் கழுத்து வலித்தால் மட்டும் கவனிக்க வேண்டும். அதைச் சலூன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அப்பாவுக்குப் பத்து நிமிஷம் வலது கை தூக்க முடியல, வாய் குழறிச்சு. இப்ப நல்லா இருக்கார். நாளைக்குக் காட்டினா போதுமா?

போதாது, இன்றே, இந்த நேரத்திலேயே காட்ட வேண்டும். அவருக்கு வந்தது தற்காலிகப் பக்கவாதம், அதாவது பலர் 'மினி ஸ்ட்ரோக்' என்று சொல்வது. பிய்ந்துபோன துணுக்கு தானாகக் கரைந்ததால் கை திரும்பியது. துணுக்கை அனுப்பிய படிவோ இன்னும் அதே இடத்தில் விரிசலோடு இருக்கிறது. அடுத்த பெரிய தாக்குதல் வருவதற்கான வாய்ப்பு முதல் 48 மணி நேரத்திலும் முதல் வாரத்திலும்தான் மிக அதிகம். சரியாகிவிட்டதே என்ற நிம்மதியில் அந்த நாட்களைக் கழித்துவிட்டு வருபவர்களை நினைத்தால்தான் எனக்குப் பெரும் வருத்தம்.

இடது கழுத்துத் தமனியின் பாதிப்பு உடலின் வலப்பக்கத்திலும், வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்குப் பெரும்பாலும் பேச்சிலும் தெரியும். கண்ணுக்கு மட்டும் இந்தக் குறுக்குக் கணக்கு பொருந்தாது: அடைப்பு உள்ள பக்கத்துக் கண்ணிலேயே, மேலிருந்து கீழாக இருட்டு இறங்கிச் சில நிமிடங்களில் விலகும். கண் ஆஸ்பத்திரியில் "கண்ணில் குறையில்லை" என்று சொல்லி அனுப்பினாலும், இப்படி நடந்திருந்தால் கழுத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவை நீங்காமல் இருந்தால் 108ஐ அழைத்து, சி.டி. ஸ்கேனும் பக்கவாதச் சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போக வேண்டும். உறைகட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். பெரிய குழாய் அடைந்திருந்தால், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பிக்குழாய் மூலம் கட்டியை வெளியே இழுக்க முடியும். வீட்டில் ஆஸ்பிரின் கொடுத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். ரத்தக் கசிவா அடைப்பா என்பது சி.டி. எடுத்தால்தான் தெரியும்.

டாப்ளர்ல என்ன பண்ணுவாங்க? திரையில நீலமா தெரிஞ்சதே, அது கெட்ட ரத்தமா?

மல்லாந்து படுத்துத் தலையைச் சற்று எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டால், கழுத்தில் குளிர்ந்த ஜெல்லைத் தடவிக் கருவியை மெதுவாக நகர்த்திப் பார்ப்போம். ஊசியும் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. இரு பக்கமும் பார்க்க அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இடையில் கேட்கும் 'உஸ், உஸ்' என்ற ஒலி உங்கள் ரத்த ஓட்டத்தின் ஒலிதான். குறுகலான இடத்தில் அது கீச்சென்று மேலேறும்.

சிவப்பும் நீலமும் ரத்தத்தின் தரத்தைக் காட்டுவதில்லை. கருவியை நோக்கி வரும் ஓட்டத்துக்கு ஒரு நிறம், விலகிப் போகும் ஓட்டத்துக்கு இன்னொரு நிறம். எந்த நிறம் எதற்கு என்பதைப் பொத்தானை அழுத்தி மாற்றிவிடலாம். நாங்கள் முதலில் கவனிப்பது வேகத்தை. குறுகிய இடத்தில் ரத்தம் விரைந்து பாய்வதால், உட்கிளையில் உச்ச வேகம் நொடிக்கு 125 செ.மீ.க்கு மேல் போனால் குறுக்கம் 50 சதவீதத்தையும், 230க்கு மேல் போனால் 70 சதவீதத்தையும் தாண்டியிருக்கும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு.

ரிப்போர்ட்ல ஐ.எம்.டி. 1.1 மி.மீ.ன்னு போட்டிருக்கு. அடைப்பு ஆரம்பிச்சாச்சா?

அது தமனிச் சுவரின் உள் இரண்டு அடுக்குகளின் தடிமன். வயதோடும் ரத்த அழுத்தத்தோடும் தடிக்கும். அடைப்பு என்று அதைச் சொல்வதில்லை, ஓரிடத்தில் 1.5 மி.மீ.க்கு மேல் புடைத்தால்தான் படிவு என்பார்கள். ரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள அதை ஒரு காரணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பார்த்துக் கவலைப்படுவதில் பயனில்லை.

ஒரு லேப்ல 60 பர்சன்ட், இன்னொரு எடத்துல சி.டி. ஆஞ்சியோல 75. யாரு சொல்றது சரி?

இருவரும் சரியாகவே அளந்திருக்கலாம். குழாயின் விட்டம் பாதியாகக் குறைந்தால் அதன் பரப்பு கால்வாசியாகிவிடும். அதே குறுக்கத்தை விட்டத்தால் சொல்பவர் 50 என்பார், பரப்பால் சொல்பவர் 75 என்பார். விட்டத்தை அளப்பதிலும் இரண்டு மரபுகள் உண்டு. அமெரிக்க ஆய்வுமுறை, குறுகிய இடத்தை அதற்கு மேலே உள்ள நல்ல உட்கிளையோடு ஒப்பிடுகிறது. பழைய ஐரோப்பிய முறை, அதே இடத்தில் குழாய் முன்பு எவ்வளவு அகலமாக இருந்திருக்கும் என்ற மதிப்பீட்டோடு ஒப்பிடுகிறது. ஐரோப்பிய முறையில் 70-75 என்று வருவது அமெரிக்க முறையில் 50 அளவில்தான் இருக்கும். எனவே எண்ணைக் கேட்கும்போது எந்த முறையில் அளந்தது என்பதையும் கேளுங்கள்.

வேகத்தை வைத்துக் கணிப்பதிலும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. எதிர்ப்பக்கத் தமனி முழுவதும் அடைந்திருந்தால், இந்தப் பக்கம் இரட்டிப்பு வேலை செய்வதால் வேகம் கூடி, இல்லாத குறுக்கம் இருப்பதுபோலத் தெரியும். மாறாக, குழாய் நூலிழையாகச் சுருங்கிவிட்டால் ஓட்டமே வற்றி வேகம் குறைந்து, குறுக்கம் லேசானது போலத் தோன்றும். அறுவைசிகிச்சை வரை போகும் பேச்சு என்றால் டாப்ளரோடு நிற்காமல் சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோவும் எடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

எந்தத் தொந்தரவும் இல்ல. மாஸ்டர் செக்கப்ல 70 பர்சன்ட்னு வந்துடுச்சு. உடனே ஆபரேஷனா?

அறிகுறி காட்டிய 70 சதவீதமும் காட்டாத 70 சதவீதமும் ஏறக்குறைய இரண்டு வெவ்வேறு நோய்கள். 1991இல் வெளியான வட அமெரிக்க ஆய்வில், அறிகுறி காட்டிய 70 முதல் 99 சதவீதக் குறுக்கம் உள்ளவர்களில், மருந்து மட்டும் எடுத்தவர்களில் இரண்டே ஆண்டுகளில் 26 சதவீதத்தினருக்கு அதே பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் அது 9 சதவீதம். அறிகுறி இல்லாதவர்களை ஆராய்ந்து 1995இல் வெளியான முடிவில், ஐந்து ஆண்டுகளில் 11 சதவீதம் 5 ஆகக் குறைந்தது. நூறு பேருக்கு அறுவைசிகிச்சை செய்தால் முதல் பிரிவில் இரண்டு ஆண்டுகளில் 17 பேரும், இரண்டாவது பிரிவில் ஐந்து ஆண்டுகள் காத்திருந்தும் 6 பேருமே அதனால் பக்கவாதத்திலிருந்து தப்புகிறார்கள். அறுவைசிகிச்சையின் ஆபத்தை நூறு பேருமே ஏற்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் பரவலாகி, மருந்தால் மட்டுமே அறிகுறியற்றவர்களின் அபாயம் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவுக்குத் தாழ்ந்தது. இக்கால மருந்துகளோடு ஒப்பிட்டுப் பார்த்த க்ரெஸ்ட்-2 ஆய்வு 2025 இறுதியில் வெளியானது. அதில் நான்கு ஆண்டுக் கணக்கில், மருந்து மட்டும் எடுத்தவர்களிடம் 6.0 சதவீதமாக இருந்த பாதிப்பு, ஸ்டென்ட் (குறுகிய இடத்தை விரித்துப் பிடிக்கும் கம்பிவலைக் குழாய்) வைத்தவர்களிடம் 2.8 ஆகக் குறைந்தது. அறுவைசிகிச்சையில் 5.3இலிருந்து 3.7 ஆனது, ஆனால் அந்த வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. இரண்டிலும் பெரும்பாலோர் மருந்தோடு மட்டுமே நன்றாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். எனவே உங்களுக்கு யோசிக்க நேரம் இருக்கிறது. படிவு மென்மையானதா, வேகமாக வளர்கிறதா, மூளை ஸ்கேனில் நீங்கள் அறியாமலே நேர்ந்த பழைய சேதத்தின் தடம் இருக்கிறதா என்பவற்றைப் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார். அறிகுறியில்லாத பொதுமக்களுக்கு இந்த ஸ்கேனே தேவையில்லை என்பது அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவின் 2021ஆம் ஆண்டுப் பரிந்துரை. நம் ஊர்ப் பரிசோதனைப் பேக்கேஜ்களில் அது இலவச இணைப்பாக வருவது வேறு கதை.

மாத்திரையிலயே கரைஞ்சிடாதா? பூண்டு, வெந்தயமெல்லாம் சாப்பிடுறேன்.

குறுகிய குழாயைப் பழைய அகலத்துக்குக் கொண்டுவரும் மாத்திரையோ உணவோ இல்லை. ஊசி வழியே ரத்தத்தில் மருந்தேற்றி அடைப்பைக் கரைப்பதாக விளம்பரம் செய்யும் 'கீலேஷன்' சிகிச்சைக்கும் இதில் ஆதாரம் இல்லை. பூண்டை உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. மருந்துக்கு மாற்றாக நினைக்காமலிருந்தால் சரி.

ஆனால் மாத்திரையின் நோக்கமே வேறு. ஸ்டாட்டின் படிவின் மேல்மூடியைக் கெட்டிப்படுத்தி உடையாமல் வைக்கிறது. ஆஸ்பிரின் போன்றவை உடைந்த இடத்தில் உறைகட்டி சேராமல் தடுக்கின்றன. ஆபத்து உடைவதில்தான் என்று முன்பே சொன்னதோடு இதைப் பொருத்திப் பாருங்கள். ஸ்கேனில் சதவீதம் மாறவில்லையே என்று ஸ்டாட்டினை நிறுத்திவிடுபவர்கள், அது செய்துகொண்டிருந்த வேலையைக் கவனிக்கத் தவறுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 70 மி.கி.க்குக் கீழும், ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழும் இருக்க வேண்டும் என்பது பொதுவான இலக்கு. தற்காலிகப் பக்கவாதத்துக்குப் பின் ஆஸ்பிரினையும் அதைப் போலவே உறைதலைத் தடுக்கும் க்ளோபிடோக்ரெலையும் சேர்த்துப் பெரும்பாலும் மூன்று வாரம் கொடுத்துவிட்டு, பிறகு ஒன்றை மட்டும் தொடர்வார்கள். மருத்துவர் வேறு காரணம் சொல்லாதவரை இரண்டையும் மாதக்கணக்கில் நீட்டினால் ரத்தக் கசிவுதான் கூடும்.

ஆபரேஷன்னா கழுத்தை அறுத்து என்ன செய்வாங்க? எப்ப செய்யணும்?

கழுத்தின் பக்கவாட்டுத் தசையின் முன்விளிம்பை ஒட்டிக் கீறி, தமனியைக் கவ்விகளால் தற்காலிகமாக மூடி, திறந்து, படிவை உட்சுவரோடு உரித்தெடுத்துவிட்டு, பெரும்பாலும் ஒரு ஒட்டுத்துண்டு வைத்துத் தைப்பார்கள். மூடியிருக்கும் நேரத்தில் மூளைக்கு ரத்தம் போதவில்லையென்றால் ஒரு சிறு குழாயைச் செருகி ஓட்டத்தைத் தொடர்வார்கள். முழு மயக்கத்திலும் செய்யலாம். கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து நோயாளியோடு பேசிக்கொண்டே செய்வதும் உண்டு. இம்முறை புதியதல்ல. ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி 1953இல் ஒரு பஸ் ஓட்டுநருக்குச் செய்தார். லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் 1954இல் அடிக்கடி தற்காலிகப் பக்கவாதம் வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு அடைபட்ட பகுதியை வெட்டியெடுத்து இணைத்தார்கள்.

அறிகுறி வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரங்களுக்குள் செய்தால்தான் பலன் அதிகம். நாள் தள்ளத் தள்ள அது கரைந்துகொண்டே போகும். ஆடி கழியட்டும், நல்ல நாள் பார்த்துச் செய்யலாம் என்று தள்ளிப்போடும் குடும்பங்களுக்கு இந்த இரண்டு வாரக் கணக்கை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆபத்துகளில் முதன்மையானது, தடுக்கப்போன பக்கவாதமே அறுவைசிகிச்சையின்போது வந்துவிடுவது. அறிகுறி உள்ளவர்களிடம் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 6 சதவீதத்துக்குள்ளும், அறிகுறி இல்லாதவர்களிடம் 3 சதவீதத்துக்குள்ளும் இருக்கும் குழுவிடம்தான் செய்துகொள்ள வேண்டும். "உங்களிடம் அது எவ்வளவு?" என்று மருத்துவரிடம் கேட்பது மரியாதைக்குறைவு ஆகாது.

குரல் கம்முதல், நாக்கு ஒருபக்கம் இழுத்தல், வாயோரம் தளர்தல் ஆகியவை அருகிலுள்ள நரம்புகள் இழுபட்டதால் வருபவை. பெரும்பாலும் வாரங்களில் சரியாகிவிடும். வீடு திரும்பிய பிறகு அதே பக்கத்தில் கடுமையான தலைவலியோ வலிப்போ வந்தால் காத்திருக்கக் கூடாது. குறைந்த ரத்தத்துக்குப் பழகிய மூளைப் பகுதிக்குள் திடீரென ரத்தம் மிகுதியாகப் பாய்வதன் அடையாளமாக அது இருக்கலாம். அறுவைசிகிச்சைக்குப் பின் ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்துவது இதற்காகத்தான்.

ஹார்ட்டுக்கு வைக்கிற மாதிரி கழுத்துக்கும் ஸ்டென்ட் வெச்சுடலாமே, கத்தி எதுக்கு?

வைக்கலாம். தொடைத் தமனி வழியே கம்பியை ஏற்றி, துணுக்குகளைப் பிடிக்க ஒரு வடிகட்டியை மேலே விரித்துவிட்டு, குறுகிய இடத்தில் ஸ்டென்ட்டைப் பொருத்துவார்கள். ஆனால் இதயத்தில் சிறு துணுக்கு நகர்வதற்கும் மூளைக்குள் நகர்வதற்கும் விளைவு ஒன்றல்ல. 2010இல் வெளியான, 2,502 பேர் பங்கேற்ற க்ரெஸ்ட் ஆய்வில், சிகிச்சையை ஒட்டிய நாட்களில் பக்கவாதம் ஸ்டென்ட்டில் 4.1 சதவீதம், அறுவைசிகிச்சையில் 2.3 சதவீதம், மாரடைப்போ நேர்மாறாக 1.1, 2.3. சுமார் 70 வயதைக் கடந்தவர்களுக்கு, வளைந்து நெளிந்து சுண்ணம் ஏறிய பெருந்தமனி வழியே கம்பியை ஓட்டுவதே அபாயம் என்பதால் அறுவைசிகிச்சை பாதுகாப்பானது. இதயம் பலவீனமானவர்கள், கழுத்தில் முன்பே அறுவைசிகிச்சையோ கதிர்வீச்சோ பெற்றவர்கள், குறுக்கம் கத்தி எட்டாத உயரத்தில் இருப்பவர்கள் ஆகியோருக்கு ஸ்டென்ட் பொருந்தும். ஸ்டென்ட் வைத்தபின் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் என்ற இரட்டை மாத்திரையைக் குறைந்தது நான்கு வாரம் ஒருநாளும் விடாமல் எடுக்க வேண்டும்.

70 பர்சன்டுக்கு ஆபரேஷன் செய்யச் சொல்றாங்க. எங்க மாமாவுக்கு 100 பர்சன்ட் அடைச்சாச்சு, வேண்டாம்கிறாங்க. கைவிட்டுட்டாங்களா?

இந்தக் கேள்வியைப் போலக் கோபத்தோடு கேட்கப்படும் கேள்வி வேறில்லை. கோபம் நியாயமாகவும் தோன்றும். ஆனால் துணுக்கு பறப்பதே ஆபத்து என்ற அடிப்படையிலிருந்து பாருங்கள். முழுவதும் அடைந்த உட்கிளையில் ஓட்டமே இல்லை. ஓட்டம் இல்லாத வழியில் துணுக்கு மேலேறுவதும் அரிது. அடைபட்ட குழாய்க்குள் மண்டையோடு வரை உறைகட்டி நிரம்பிக் கெட்டிப்பட்டிருக்கும். அதைத் திறக்கப்போனால், இத்தனை நாள் அசையாமல் கிடந்ததை நாமே கிளப்பி மூளைக்குள் அனுப்பிவிடக்கூடும்.

அடைப்பைத் தொடாமல், தலைத்தோலின் தமனியை மூளையின் மேற்பரப்புத் தமனியோடு இணைக்கும் மாற்றுவழியையும் முயன்று பார்த்துவிட்டார்கள். 1985இல் வெளியான பன்னாட்டு ஆய்வில் அதனால் பக்கவாதம் குறையவில்லை. ரத்தம் போதாமையை ஸ்கேனில் உறுதிசெய்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நடத்திய இன்னொரு ஆய்வும், பலன் தெரியாததால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டு 2011இல் வெளியானது. ஆகவே "வேண்டாம்" என்பது ஆய்வுகள் தந்த விடை. மாமாவுக்குச் செய்ய வேண்டியவை இன்னும் இருக்கின்றன: மருந்துகளைத் தொடர்வது, புகையை விடுவது, இப்போது முழுப் பாரத்தையும் சுமக்கும் எதிர்ப்பக்கத் தமனியைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேனில் பார்த்துவருவது. ரத்த அழுத்தத்தை ஒரேயடியாகச் சரித்துவிடாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எழுந்து நிற்கும்போதெல்லாம் ஒரு கை நடுங்கினாலோ தளர்ந்தாலோ அதை மருத்துவரிடம் சொல்லத் தவறக் கூடாது. இவை பழைய அடைப்புக்கானவை; சில மணி நேரத்துக்கு முன் அடைந்து பக்கவாதம் நடந்துகொண்டிருந்தால், 108 பற்றிச் சொன்ன பதிலே பொருந்தும்.

உட்கிளை இல்லீங்க, கீழ உள்ள பொதுக் கழுத்துத் தமனியே மூடியிருக்குன்னு எழுதியிருக்காங்க. அதுவும் இதே மாதிரிதானா?

முழுக்க அப்படியில்லை. பிரியும் இடத்து நோயோடு ஒப்பிட்டால் இது அரிது. ஆனால் இதில் ஒரு வாய்ப்பு திறந்திருக்கிறது. தண்டு மூடினாலும், முகத்திலும் தலையிலும் எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் கிளைகள் வழியே ரத்தம் வெளிக்கிளையில் தலைகீழாக இறங்கி, பிரியும் இடத்தில் திரும்பி, உட்கிளையில் மேலேறும். திரையில் இதைப் பார்க்கும்போது எனக்கு இன்றும் வியப்புதான்: பக்கத்துப் பக்கத்துக் கிளைகளில் ஒன்று சிவப்பாகவும் மற்றது நீலமாகவும் ஓடும்.

எனவே இங்கே கேட்க வேண்டியது, உட்கிளை திறந்திருக்கிறதா என்பதே. திறந்திருந்து, அறிகுறிகளும் இருந்தால், காறை எலும்பின் அடியில் கைக்குப் போகும் தமனியிலிருந்து ஓர் இணைப்புக் குழாயை வைத்துப் பிரியும் இடத்துக்கு ரத்தம் கொடுக்க முடியும். அறிகுறி இல்லையென்றால் மருந்தும் கண்காணிப்புமே. "பொதுக் கழுத்துத் தமனி முழு அடைப்பு" என்று மட்டும் சொல்லி, கிளைகளின் நிலையைச் சொல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

பொண்ணுக்கு 24 வயசுதான். கொழுப்பு, சர்க்கரை எதுவும் இல்ல. ரெண்டு பக்கமும் சுவர் தடிச்சிருக்காம். எப்படி?

இளம்பெண்களிடம், அதிலும் ஆசிய நாடுகளில், பொதுக் கழுத்துத் தமனியைத் தாக்கும் வேறொரு நோய் உண்டு. ஜப்பானியக் கண் மருத்துவர் தகயாசு 1908இல் விவரித்ததால் அவர் பெயரையே பெற்ற தமனி அழற்சி அது. பெருந்தமனியும் அதன் பெரிய கிளைகளும் உடலின் எதிர்ப்பாற்றலாலேயே தாக்கப்பட்டு, சுவர் சுற்றிலும் சீராகத் தடிக்கின்றன. காரணம் புரியாத காய்ச்சல், எடை குறைதல், வேலை செய்தால் கை ஓய்ந்துபோதல், இரு கைகளின் ரத்த அழுத்தத்தில் பெரிய வேறுபாடு, மணிக்கட்டில் நாடி கிடைக்காமை ஆகியவை இதன் அடையாளங்கள். "மெஷின் சரியில்லை, அந்தக் கையில் பிரஷர் வரவில்லை" என்று சொல்லி மற்றக் கையில் பார்த்துவிட்டு அனுப்பப்பட்டவர்கள், சில ஆண்டுகள் கழித்து ஸ்கேன் அறைக்கு வருவதுண்டு.

இங்கே முதல் சிகிச்சை ஸ்டீராய்டும் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளும். பார்க்க வேண்டியவர் மூட்டு, வாதநோய் நிபுணர். வேலூர் சி.எம்.சி.யில் இந்நோய்க்கு நீண்ட அனுபவம் இருக்கிறது. அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது ஸ்டென்ட்டோ இணைப்புக் குழாயோ வைத்தால் அதுவும் அடைந்துவிடும் என்பதால், நோய் அடங்கிய பிறகே, தேவைப்பட்டால் மட்டும் செய்வார்கள்.

வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்துப் பல வருஷம் ஆச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. கழுத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு, ஆண்டுகள் கழித்துப் பொதுக் கழுத்துத் தமனியை நீண்ட தூரத்துக்குக் குறுகச் செய்யலாம். புகையிலையால் வாய்ப் புற்றுநோய் மலிந்திருக்கும் நம் நாட்டில் இதை அதிகம் பேசியிருக்க வேண்டும். புற்று திரும்பியதா என்று பார்க்கப் போகும்போதே, கழுத்துத் தமனியையும் பார்க்க வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

சலூன்ல மசாஜ் பண்ணிக் கழுத்தைச் சொடக்குறாங்களே, அதுல அடைப்பு வருமா?

கொழுப்புப் படிவு வராது. தமனியின் உட்சுவர் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் சுவருக்குள் புகுந்து வழியை அடைக்கும், அல்லது உறைகட்டியாகி மேலே பறக்கும். கழுத்தை வெடுக்கென்று திருப்பிய பிறகு, பின்பக்கத் தமனிகளிலும் கழுத்துத் தமனிகளிலும் இப்படி நேர்ந்து இளவயதிலேயே பக்கவாதம் வந்தவர்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வருவதில்லை என்பது உண்மைதான். கிடைக்கும் சுகத்துக்கு அந்த விலை தேவையா என்பதே கேள்வி. தலையைத் தடவட்டும், தோளைப் பிடிக்கட்டும். கழுத்தைத் திருப்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதன்பின் ஒரு பக்கக் கழுத்திலோ முகத்திலோ புது வலி வந்து, அதே பக்கத்துக் கண்ணிமை தாழ்ந்து கண்பாப்பா சிறுத்தால், அது கிழிசலின் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பல் பிடுங்கணும், ஒரு வாரம் ஆஸ்பிரினை நிறுத்துன்னு சொல்றாங்க. நிறுத்தலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். சாதாரணமாகப் பல் எடுப்பதற்கும் கண்புரைச் சிகிச்சைக்கும் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. பல் எடுத்த இடத்தில் கசிவதைப் பஞ்சை வைத்து அழுத்தி அடக்கிவிடலாம். ஸ்டென்ட் வைத்த முதல் மாதத்திலோ, தற்காலிகப் பக்கவாதம் வந்த சில வாரங்களிலோ நிறுத்துவது அபாயமானது. பல் மருத்துவரை உங்கள் நரம்பியல் மருத்துவரோடு தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள்.

இதய பைபாஸுக்கு நாள் குறிச்சாச்சு. கழுத்துலயும் 80 பர்சன்ட்னு இப்ப சொல்றாங்க. எதை முதல்ல செய்யுறது?

இங்கேயும் முதலில் கேட்க வேண்டியது, அந்த 80 சதவீதம் அறிகுறி காட்டியதா என்பதே. அண்மையில் தற்காலிகப் பக்கவாதம் வந்திருந்தால், கழுத்தை முதலிலோ பைபாஸோடு சேர்த்தோ சரிசெய்வது குறித்து இதய அறுவை மருத்துவரும் ரத்தநாள மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் கூடிப் பேச வேண்டும். இரு பக்கமும் கடுமையாகக் குறுகியிருந்தாலும், ஒரு பக்கம் முழுவதும் அடைந்து மறுபக்கம் குறுகியிருந்தாலும் அந்தப் பேச்சு தேவை.

அறிகுறியே இல்லாத ஒருபக்கக் குறுக்கம் என்றால், பைபாஸை மட்டும் செய்துவிட்டுக் கழுத்தைப் பிறகு பார்ப்பதே பல நேரங்களில் சரியான முடிவு. பைபாஸின்போது வரும் பக்கவாதங்களில் பல, பெருந்தமனியைக் கவ்வும்போது அதன் சுவரிலிருந்து உதிரும் துணுக்குகளாலும், பின்னர் வரும் ஒழுங்கற்ற இதயத் துடிப்பாலும் நேர்பவை. கழுத்தைச் சரிசெய்வதால் அவை குறைவதில்லை. பைபாஸுக்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு: பெருந்தமனிச் சுவரில் சுண்ணம் எவ்வளவு இருக்கிறது, அறுவைசிகிச்சை நாள் வரை ஆஸ்பிரினும் ஸ்டாட்டினும் தொடர்கின்றனவா.